‘இங்கே இல்லை’ என்று சொல்வதற்கு முன்: மருத்துவ நூலகங்களுக்கிடையே கட்டுரை கேட்டு வாங்குவது எப்படி

டிசர்டேஷன் (ஆய்வேடு) சமர்ப்பிக்கும் காலம் நெருங்கினால் மருத்துவக் கல்லூரி லைப்ரரியில் கூட்டம் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் கூடும். ஓ.பி., வார்டு எல்லாம் முடித்துவிட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு ஒரு பி.ஜி., அதாவது முதுநிலை மாணவர், வந்து நிற்பார். கையில் துண்டுச் சீட்டு, அதில் கைடு கிறுக்கிக் கொடுத்த பாதி சிட்டேஷன், அதாவது கட்டுரையின் விலாசம். “சார், இது ஒன்றுதான் எங்கேயும் கிடைக்கவில்லை, நாளைக்குள் வேண்டும்.” நம் கல்லூரி அந்த ஜர்னலுக்குச் சந்தா கட்டியதே இல்லை, அல்லது கட்டிக்கொண்டிருந்து எப்போதோ நிறுத்திவிட்டது. இந்த இடத்தில் ‘இல்லைப்பா’ என்று சொல்லி அனுப்புவது ரொம்பச் சுலபம், வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதுவது, புதிதாக மருத்துவ நூலகத்தில் சேர்ந்து அதே இடத்தில் நிற்பவர்களுக்காக. பி.ஜி.க்களும் படிக்கலாம், பாதி வேலையை அவர்களே முடித்துக்கொள்ள முடியும்.

ஐ.எல்.எல். (இன்டர் லைப்ரரி லோன்) என்று நாங்கள் சொல்வது ஒன்றும் பெரிய மந்திரமில்லை. நம்மிடம் இல்லாததை இன்னொரு நூலகத்திடம் கேட்டு நம் வாசகருக்கு வாங்கித் தருவது. புத்தகம் என்றால் போய்விட்டுத் திரும்பி வரவேண்டும். கட்டுரை என்றால் நகல் வரும், திருப்பித் தர வேண்டியதில்லை. மருத்துவத்தில் பெரும்பாலும் கட்டுரைதான். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குகிற கணக்கு இது, நாளைக்கு அவர்கள் வந்து கேட்டால் நம்மிடமும் தயிர் இருக்கவேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் என்ன கேட்கிறார் என்று கண்டுபிடியுங்கள்

இந்த வேலையில் கஷ்டமான பகுதி அடுத்தவரிடம் கேட்பதல்ல, கேட்கவேண்டியது எது என்று சரியாகத் தெரிந்துகொள்வது. ஒருமுறை கண் சிகிச்சைப் பிரிவு பி.ஜி. ஒருவர் வந்தார். இரண்டு கருவிகளால் கண் அழுத்தம் அளந்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் ஆய்வு. சீட்டில் ‘பிளாண்ட், லான்செட் 1986, 327: 307’ என்று இருந்தது. எங்களிடம் லான்செட் பழைய பவுண்ட் வால்யூம்கள், அதாவது இதழ்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்புகள், இருந்தன, சந்தோஷமாக எடுக்கப் போனோம். 1986 என்று முதுகில் பொன்னெழுத்து போட்ட இரண்டு தொகுப்புகள், ஒன்றில் ‘வால்யூம் 1’, இன்னொன்றில் ‘வால்யூம் 2’. முன்னூற்று இருபத்தேழு எங்கேயும் இல்லை. “சார், இந்த நம்பரே நம்மகிட்ட கிடையாது” என்று அட்டெண்டர் கையை விரித்துவிட்டார், நானும் வெளியூர் நூலகம் ஒன்றுக்கு மெயில் அடிக்கத் தொடங்கிவிட்டேன்.

நல்லவேளையாக அனுப்புவதற்கு முன் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் போய்ப் பார்த்தேன். அங்கே ‘சிங்கிள் சிட்டேஷன் மேட்சர்’ என்று ஒரு படிவம் இருக்கிறது. ஜர்னல், ஆண்டு, முதல் பக்கம், ஆசிரியர் பெயர் என்று தெரிந்ததை மட்டும் போடலாம், தெரியாததை வெற்றாக விட்டுவிடலாம். பிளாண்ட், 1986, பக்கம் 307 என்று போட்டதும் வந்து நின்றது: 1986 பிப்ரவரி 8, வால்யூம் 1, இதழ் எண் 8476, பக்கம் 307 முதல் 310 வரை. விஷயம் என்னவென்றால் அந்தக் காலத்தில் லான்செட் ஒவ்வொரு ஆண்டும் ஒன்று, இரண்டு என்று புதிதாக எண்ணத் தொடங்கும். பின்னாளில் பதிப்பாளர் தளத்தில் பழைய தொகுதிகளுக்கெல்லாம் தொடர் எண் போட்டபோது அதே தொகுதி 327 ஆகிவிட்டது. இரண்டும் ஒரே கட்டுரை. நாங்கள் வெளியூரில் தேடக் கிளம்பிய நான்கு பக்கங்கள் எங்கள் அலமாரியிலேயே இருந்தன.

எலும்பு சிகிச்சைப் பிரிவில் இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. ஜர்னல் ஆஃப் போன் அண்ட் ஜாயின்ட் சர்ஜரி அமெரிக்கப் பதிப்பு, பிரிட்டிஷ் பதிப்பு என்று இரண்டாக வந்தது. வால்யூம் எண் இரண்டுக்கும் ஒன்றேதான், பின்னால் ஏ, பி என்ற எழுத்து மட்டும் மாறும். சீட்டில் வெறுமனே ‘1978, 60’ என்று எழுதியிருந்தால் எதைத் தேடுவது? தப்பானதைக் கேட்டு வாங்கினால் அங்கே அந்தப் பக்கத்தில் வேறு ஏதோ எலும்பு முறிவு இருக்கும். போதாததற்கு 2013-இல் பிரிட்டிஷ் பதிப்பு போன் அண்ட் ஜாயின்ட் ஜர்னல் என்று பெயர் மாறிவிட்டது. அதே ஆண்டு ஆர்க்கைவ்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசினும் ஜாமா இன்டர்னல் மெடிசின் ஆனது. பெயர் மாறிய ஜர்னலைப் பழைய பெயரில் தேடி ‘இல்லை’ என்று பதில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். சுருக்கப் பெயர் புரியாவிட்டால் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் என்.எல்.எம். கேட்டலாக்கில் போட்டுப் பாருங்கள், முழுப் பெயர், முன்னால் என்ன பெயரில் வந்தது, பின்னால் என்ன ஆனது எல்லாம் இருக்கும்.

கட்டுரையைக் கண்டுபிடித்ததும் பி.எம்.ஐ.டி., அதாவது பப்மெட் ஒவ்வொரு கட்டுரைக்கும் தரும் தனி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு எண் இருந்தால் அதன்பிறகு யாரிடம் கேட்டாலும் குழப்பமில்லை. அப்படியே அந்தப் பக்கத்தில் ‘ரிட்ராக்டட்’ என்ற சிவப்புப் பட்டை இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998 லான்செட் கட்டுரை 2010-இல் திரும்பப் பெறப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அவ்வளவு பெயர் வாங்காத கட்டுரைகளும் திரும்பப் பெறப்படுகின்றன. சிரமப்பட்டு வாங்கித் தந்துவிட்டு வைவாவில் அந்தப் பி.ஜி. மாட்டிக்கொள்ள நாம் காரணமாக வேண்டாம்.

ஊரைக் கேட்பதற்கு முன் வாசலைப் பாருங்கள்

வருகிற கோரிக்கைகளில் கணிசமானவை யாரிடமும் கேட்கத் தேவையே இல்லாதவை. பப்மெட் சென்ட்ரல் என்ற முழுக் கட்டுரைக் களஞ்சியத்தில் பி.எம்.ஜே. (பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்) 1840 முதல் இருக்கிறது, இலவசமாக. ரொனால்ட் ராஸ் கொசு வயிற்றில் கண்ட நிறமிச் செல்களைப் பற்றி 1897-இல் எழுதியதைக்கூட வீட்டில் உட்கார்ந்தபடி படிக்கலாம். இந்தியன் மெடிக்கல் கெஜட் பழைய தொகுதிகளும் அங்கே உண்டு. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் ஆய்வுக் கட்டுரைகள் வெளியாகி ஆறு மாதம் கழிந்தால், ஒரு மின்னஞ்சலைப் பதிவு செய்துகொண்டு இலவசமாகவே படிக்கலாம். இது தெரியாமல் டெல்லிக்குக் கடிதம் எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன், எழுதியவர்களில் நானும் ஒருவன். பிரவுசரில் அன்பேவால் என்ற நீட்டிப்பைப் போட்டுவைத்தால், சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி எங்காவது இருந்தால் பச்சைப் பூட்டு காட்டும்.

அதுவும் இல்லையென்றால் கட்டுரையாளருக்கே மெயில் போடச் சொல்லுங்கள். பி.ஜி.க்கள் இதற்குக் கூச்சப்படுவார்கள், ‘அவ்வளவு பெரிய ஆள் நமக்குப் பதில் போடுவாரா’ என்று. தன் பழைய கட்டுரையைத் தேடி ஒருவர் கேட்கிறார் என்றால் யாருக்குமே மகிழ்ச்சிதான், சிலர் தரவு அட்டவணையையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் பி.ஜி. டிசர்டேஷன் வேண்டுமென்றால் கிண்டியில் இருக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இணையக் களஞ்சியம் ஒன்று வைத்திருக்கிறது, முதலில் அங்கே தேடுங்கள்.

கட்டணக் கட்டுரைகளை அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும் சை-ஹப் தளம் பற்றிக் கேட்பீர்கள், தெரியும். 2020 டிசம்பரில் பதிப்பகங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அதன்மீது வழக்குப் போட்டன. மாணவர்கள் அவரவர் போனில் என்ன செய்கிறார்கள் என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பது என் வேலையில்லை, ஆனால் நூலக மேசையில் உட்கார்ந்து, நூலகத்தின் பெயரில் நான் அதிலிருந்து எடுத்துத் தரமாட்டேன். அடுத்த நூலகம் நம்மை நம்பித்தான் நகல் அனுப்புகிறது.

யாரிடம் கேட்பது

நீங்கள் அரசுக் கல்லூரியா தனியார் கல்லூரியா என்பதைப் பொறுத்து வழி இப்போது இரண்டாகப் பிரிந்துவிட்டது. 2025 ஜனவரி 1 முதல் ‘ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்’ நடைமுறையில் இருக்கிறது. மத்திய, மாநில அரசுகள் நடத்தும் 6,300-க்கும் மேற்பட்ட கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இ-ஜர்னல்கள், எல்சவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி எல்லாம் சேர்த்து, காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் என்ற நூலக வலையமைப்பு மையம் வழியாக. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். அரசுக் கல்லூரியில் இருப்பவர்கள் தங்கள் உள்நுழைவு வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள், பல இடங்களில் வசதி வந்திருப்பதே பி.ஜி.க்களுக்குத் தெரியாது. தனியார் கல்லூரிகள் இந்த முதல் கட்டத்தில் இல்லை. ஆக ஒரே பல்கலைக்கழகத்தின்கீழ், ஒரே தேர்வு எழுதப்போகும் இரண்டு மாணவர்களில் ஒருவருக்கு லான்செட் ஒரு கிளிக்கில் திறக்கிறது, மற்றவருக்கு ‘31 டாலர் கட்டு’ என்கிற மாதிரி ஏதாவது ஒரு விலைப்பலகை எழுந்து நிற்கிறது. ஐ.எல்.எல். காலாவதியாகிவிட்டது என்று சொல்பவர்கள் அந்த இரண்டாவது மாணவரை நினைத்துப் பார்ப்பதில்லை.

மத்திய சுகாதாரத் துறை நிறுவனங்களுக்காக எர்மெட் என்ற இ-ஜர்னல் கூட்டமைப்பை டெல்லி தேசிய மருத்துவ நூலகம் 2008-இல் தொடங்கியது. அந்த நூலகம் எய்ம்ஸுக்கு எதிரே அன்சாரி நகரில் உள்ளது, நகல் சேவையும் உண்டு. பழைய அச்சு ஜர்னல் என்றால் என் பட்டியலில் அதற்குத் தனி இடம். டெல்நெட் என்ற நூலகக் கூட்டமைப்பு இன்னொரு வழி, 1988-இல் டெல்லியில் சில நூலகங்களுக்காகத் தொடங்கி இப்போது நாடு முழுக்க ஆயிரக்கணக்கான உறுப்பு நூலகங்கள். ஆண்டுச் சந்தா கட்டி நிறுவனம் உறுப்பினராகவேண்டும், தனிநபர் போய்க் கேட்க முடியாது. புத்தகம் இரவல் வாங்க அதன் கூட்டுப் பட்டியல்தான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருந்து படிப்பவர்களுக்கு வேறொரு கதவு: வளரும் நாடுகளுக்கு மருத்துவ ஜர்னல்களைத் திறந்துவிட உலக சுகாதார நிறுவனம் 2002-இல் தொடங்கிய ஹினாரி. இலங்கை அதில் உண்டு, இந்தியா இல்லை.

இதையெல்லாம் சொன்னாலும் உண்மையில் வேலை நடப்பது போனில்தான். நம் மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டத்திலும் இருக்கும் மருத்துவக் கல்லூரி லைப்ரரியன்களின் எண் உங்களிடம் இருக்கவேண்டும். ஒரு கருத்தரங்கில் சாப்பாட்டு வரிசையில் அறிமுகமான மேடம் ஒருவர் எனக்கு அனுப்பித் தந்த கட்டுரைகளை எண்ணினால் ஒரு பவுண்ட் வால்யூம் போடலாம். வெளிநாடு கடைசி வழி. ஒருகாலத்தில் பிரிட்டிஷ் லைப்ரரிக்கு எழுதினால் பணம் கட்டி எதையும் வாங்கலாம் என்ற நம்பிக்கை இருந்தது, 2023 அக்டோபரில் நடந்த சைபர் தாக்குதலில் அந்த நகல் சேவையே மாதக்கணக்கில் முடங்கிப்போனது.

அமெரிக்காவில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும். அங்கே தேசிய மருத்துவ நூலகம் 1985 முதல் டாக்லைன் என்ற ஏற்பாட்டை நடத்துகிறது. ஒவ்வொரு மருத்துவ நூலகமும் தன்னிடம் எந்த ஜர்னல், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இருக்கிறது என்று அதில் பதிந்துவைக்கும். நீங்கள் பி.எம்.ஐ.டி. போட்டுக் கோரிக்கை வைத்தால், அந்த இதழ் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கு உங்கள் விருப்ப வரிசைப்படி அதுவே போகும். முதல் நூலகம் குறித்த நேரத்துக்குள் எடுத்துக்கொள்ளாவிட்டால் யாரும் தலையிடாமல் அடுத்ததற்கு நகர்ந்துவிடும். காசு வாங்காமல் பகிர்ந்துகொள்வோம் என்று ஒப்புக்கொண்ட நூலகங்களுக்கு ஃப்ரீஷேர் என்று தனிக் குழு. நம்மிடம் அந்த அளவுக்கு எந்திரம் இல்லை, அதனால் அந்த வேலையை நாம் கையால் செய்யவேண்டியிருக்கிறது: ஒருவரிடம் கேட்டு, ஒருநாள் பொறுத்து, பதில் இல்லையென்றால் கோபப்படாமல் அடுத்தவருக்குப் போவது. ஒரே நேரத்தில் ஐந்து பேரிடம் கேட்காதீர்கள். ஐவரும் கம்பேக்டர் அலமாரியைச் சுற்றித் திறந்து, தூசி தட்டி, ஸ்கேன் எடுத்து அனுப்புவார்கள், அடுத்தமுறை ஐவரும் எடுக்கமாட்டார்கள்.

எப்படிக் கேட்பது

‘அர்ஜென்ட் சார், ப்ளீஸ்’ என்று மங்கலான போட்டோ ஒன்றை வாட்ஸாப்பில் போடுவது கோரிக்கை ஆகாது. ஜர்னலின் முழுப் பெயர், ஆண்டு, வால்யூம், இதழ் எண், சப்ளிமெண்ட் என்றால் அதைக் குறிப்பிட்டு, முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை, ஆசிரியர், தலைப்பு, பி.எம்.ஐ.டி., எந்தத் தேதிக்குள் வேண்டும், தனிப்பட்ட ஆய்வுக்காக மட்டும் என்ற ஒரு வரி, உங்கள் நூலகத்தின் பெயர். இவ்வளவுதான். போனில் சொன்னாலும் மெயிலும் ஒன்று போடுங்கள், அந்தப் பக்கம் இருப்பவர் தன் பதிவேட்டில் கணக்கு வைக்கவேண்டுமே.

சப்ளிமெண்ட் என்று தனியாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பக்க எண்ணுக்கு முன்னால் ‘எஸ்’ என்ற எழுத்து இருந்தால் அது இணைப்பிதழ். எஸ்-ஐ விட்டுவிட்டு வெறும் 12-ஆம் பக்கம் என்று கேட்டால் வழக்கமான இதழின் 12-ஆம் பக்கம்தான் வரும். பல நூலகங்களில் இணைப்பிதழ்களைப் பைண்டிங்கில் சேர்க்காமல் தனியாகக் கட்டிவைத்திருப்பார்கள், அல்லது வைத்திருக்கவே மாட்டார்கள்.

நோயாளிக்காக அவசரம் என்றால் அது வேறு விதி. ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்கு மெடிசின் டாக்டர் ஒருவர் கூப்பிட்டார், ஒடுவந்தழை அரைத்துக் குடித்த ஒரு பெண் ஐ.சி.யூ.வில் இருக்கிறார், பழைய இந்தியக் கட்டுரை ஒன்றின் முழுப் பிரதி வேண்டும். ஒடுவந்தழை நம் ஊர்ப் பக்கத்து விஷம், ரத்தத்தில் பொட்டாசியத்தை இறக்கி இதயம் வரை பாதிக்கும். வெளிநாட்டு ஜர்னலில் அதற்குக் கிடைப்பது கொஞ்சம், இந்திய மருத்துவர்கள் எழுதிவைத்ததுதான் அதிகம். மெயில் போட்டுக் காத்திருக்க நேரமில்லை, இன்னொரு ஊர் லைப்ரரியன் வீட்டுக்கே போன் செய்தேன், அவர் திரும்ப நூலகத்துக்குப் போய்த் திறந்து எடுத்து அனுப்பினார். இப்படிக் கேட்கும்போது ‘நோயாளிக்கு அவசரம்’ என்று மட்டும் சொன்னால் போதும், பெயர், ஐ.பி. (உள்நோயாளி) எண் எதுவும் மெயிலில் போகக்கூடாது. அந்த இரண்டு வார்த்தையை டிசர்டேஷனுக்குப் பயன்படுத்தாதீர்கள், ஒருமுறை செய்து தெரிந்துவிட்டால் அதற்குப்பின் நிஜ அவசரத்துக்கும் யாரும் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பமாட்டார்கள்.

நம்மிடம் கேட்டால்

எடுப்பதற்கு முன் ஜர்னலையும் பக்கத்தையும் ஒத்துப்பாருங்கள், நான் சொன்ன 60-ஏ, 60-பி சிக்கலை அந்தப் பக்கத்துக்காரர் கவனித்திருக்கமாட்டார். ஸ்கேன் எடுக்கும்போது தடித்த பவுண்ட் வால்யூமில் உள்மடிப்புப் பக்கம் எழுத்து விழுங்கப்படும். அட்டவணையின் கடைசிப் பத்தியில்தான் பி-வேல்யூ இருக்கும், அதுதான் வெட்டுப்படும். வெறும் கறுப்பு-வெள்ளை வேண்டாம், கிரேஸ்கேலில் எடுங்கள், இல்லையென்றால் எக்ஸ்ரேயும் திசுப் படங்களும் கரிக்கட்டையாகிவிடும், 300 டி.பி.ஐ. போதும். கட்டுரை கடைசிப் பக்கத்தில் முடியாமல் ‘தொடர்ச்சி’ என்று வேறு பக்கம் தாவியிருக்கலாம். அனுப்புமுன் ஒருமுறை திறந்து, பக்கம் வரிசையாக இருக்கிறதா, மேற்கோள் பட்டியல் முழுதாக வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

காப்புரிமை பற்றி: 1957 சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆராய்ச்சி உள்ளிட்ட தனிப்பட்ட பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் இடம் தருகிறது. ஒருவருக்கு, ஒரு கட்டுரையின் ஒரு பிரதி என்று வைத்துக்கொண்டு போனால் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். முழு இதழையும் ஸ்கேன் எடுத்து டிரைவில் போடு என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள், துறைத்தலைவர் கேட்டாலும். இ-ஜர்னலுக்கு இதைவிட முக்கியம் நாம் பதிப்பாளரோடு போட்ட ஒப்பந்தம். அதில் நூலகங்களுக்கிடையே பகிர்வது பற்றி ஒரு பத்தி இருக்கும், சில அனுமதிக்கும், சில அனுமதிக்காது, சில அச்சடித்து அதை ஸ்கேன் செய்து அனுப்பு என்று சொல்லும். கையில் சுத்தமான பி.டி.எஃப். இருக்க, அதைக் காகிதத்தில் அடித்து மறுபடி பி.டி.எஃப். ஆக்குவது கேலிக்கூத்துதான், ஆனால் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், செய்யவேண்டும்.

புத்தகம் அனுப்புவது தனித் தொல்லை. தேர்வு நேரத்தில் பாடநூலை யாரும் இரவல் தரமாட்டார்கள், கேட்காமலிருப்பது மரியாதை. அச்சில் இல்லாத தனி நூல்கள், பழைய அட்லஸ்கள், இவைதான் போய்வரும். அனுப்புமுன் அட்டை, முதுகு, ஏற்கெனவே கிழிந்த பக்கம் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து அனுப்பிவிடுங்கள், மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறை போட்டு அதன்மேல் அட்டைப்பெட்டி. கொரியர் செலவு யாருடையது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். முந்நூறு ரூபாய்க்காக நல்ல நட்பு கெட்டதைப் பார்த்திருக்கிறேன்.

நம் அலமாரியில் என்ன இருக்கிறது

உறைமோர் கதைக்கு வருகிறேன். பத்து வருடத்துக்கு முன், எல்லாம் ஆன்லைனில் வந்துவிட்டது, இடம் வேண்டும் என்று ஒரு கல்லூரி தன் பவுண்ட் வால்யூம்களை எடைக்குப் போட்டது. எந்தக் கல்லூரி என்று சொல்லவேண்டாம். எனக்குச் செய்தி தெரிந்து போவதற்குள் லாரி கிளம்பிவிட்டது. லான்செட் போனால் போகிறது, அதை எங்கேயும் எடுக்கலாம். அதே லாரியில் போனவற்றில் சிறு இந்திய ஜர்னல்கள் இருந்தன, மாநிலக் கிளைச் சங்கங்கள் நடத்தி நின்றுபோனவை, 1904-இல் சென்னையில் யு. ராமராவ் தொடங்கிய ஆன்டிசெப்டிக் போன்றவற்றின் பழைய தொகுப்புகள். ஒடுவந்தழை, தேள்கடி, நரம்புச் சிலந்தி (கினியாப் புழு) என்று நம் ஊர் வைத்தியர்கள் பார்த்து எழுதியது அவற்றில்தான் இருக்கும். அவற்றை ஸ்கேன் செய்ய எந்தப் பெரிய பதிப்பகமும் வரப்போவதில்லை. கழிக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், கழிப்புப் பட்டியலை முதலில் மற்ற லைப்ரரியன்களுக்கு அனுப்பி, வேண்டியதை எடுத்துக்கொள்ள ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள்.

உங்களிடம் இருப்பது என்ன என்று உங்களுக்கே தெரியாவிட்டால் மற்றவர்கள் எப்படிக் கேட்பார்கள்? இதற்கு மென்பொருள் தேவையில்லை, ஒரு எக்செல் போதும்: ஜர்னல் பெயர், முன்பெயர், ஐ.எஸ்.எஸ்.என். (ஜர்னலின் அடையாள எண்), எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, நடுவில் விட்டுப்போன வால்யூம்கள், இணைப்பிதழ் உண்டா இல்லையா, எந்த அலமாரி. நூலகத்துக்கு வந்ததைப் பதியும் அக்சஷன் ரெஜிஸ்டரைப் பார்த்து எழுதாதீர்கள், அதில் இருப்பதெல்லாம் அலமாரியில் இருக்காது. நின்று, முதுகைப் படித்து எழுதுங்கள். ஒருநாளைக்கு ஒரு அலமாரி போதும், மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில். இந்திய ஜர்னல் அலமாரியிலிருந்து தொடங்குங்கள், லான்செட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அட்டெண்டரையும் கூடவே நிறுத்திக்கொள்ளுங்கள், கரையான் எந்த மூலையில் இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.